யானைமேல் வராத கோபம் பெரியப்பாமேல் ஏன் வருகிறது?

மாரண்டஅள்ளிப் பக்கத்துத் தம்பி ஒருவர் கேட்டிருப்பதன் சுருக்கம் இது. பாகப்பிரிவினையில் நிலம் பிரிந்தது, கிணறு மட்டும் பொதுவில் நின்றுவிட்டது. தண்ணீர் முறையில் தகராறு வந்து பெரியப்பா வீட்டோடு பேச்சு நின்று சில வருஷம் ஆகிறது. “கோபத்தால் ஒன்றும் ஆகப்போவதில்லை என்று எனக்கே தெரிகிறது. தெரிந்தும், அவர் மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டாலே உடம்பு எரிகிறது. ஸ்பினோசா என்பவர் உணர்ச்சிகளை வடிவியல் கணக்குப் போல நிறுவியிருக்கிறாராமே? அறிவால் கோபத்தை அடக்கலாம் என்கிறாரா? அப்படி அடக்கிவிட்டால் மனுஷன் கல்லாகிவிட மாட்டானா?”

முதல் கேள்விக்கு நேரான பதில்: அடக்க முடியாது. இதைச் சொல்பவர் ஸ்பினோசாவேதான். அவருடைய ‘எதிக்ஸ்’ நூலின் நான்காம் பகுதியில் ஏழாவது கூற்றைப் பாருங்கள். ஓர் உணர்ச்சியைத் தடுக்கவோ நீக்கவோ அதற்கு எதிரான, அதைவிட வலுவான இன்னோர் உணர்ச்சியால்தான் முடியும் என்கிறது. பதினான்காவது கூற்று இன்னும் கறார். நல்லது கெட்டது பற்றிய அறிவு சரியான அறிவாக இருப்பதாலேயே எந்த உணர்ச்சியையும் நிறுத்திவிடாது. அந்த அறிவே ஓர் உணர்ச்சியாக உள்ளே வேலை செய்கிற அளவுக்குத்தான் நிறுத்தும். ஆகவே ‘தெரிந்தும் கோபம் வருகிறது’ என்று நீங்கள் வெட்கப்பட வேண்டியதில்லை. முந்நூற்றைம்பது வருஷத்துக்கு முன்பே அது நிறுவப்பட்ட கூற்று.

ஆளைப் பற்றிக் கொஞ்சம். 1632-இல் ஆம்ஸ்டர்டாமில், போர்ச்சுகல் வழிவந்த யூதக் குடும்பத்தில் பிறந்த தத்துவ அறிஞர். 1656-இல், இருபத்து மூன்று வயதில், சொந்தச் சமூகமே அவரைச் சபித்து ஊர்விலக்கம் செய்தது. கண்ணாடி வில்லைகளைத் தேய்த்துப் பிழைத்தார். 1673-இல் ஹைடல்பர்க் பல்கலைக்கழகம் பேராசிரியர் வேலைக்கு அழைத்தபோது மறுத்துவிட்டார். 1677-இல் ஹேக் நகரில் நாற்பத்து நான்கு வயதில் இறந்தார். ‘எதிக்ஸ்’ அச்சானது அவர் இறந்த பிறகு, அதே ஆண்டில். யூக்ளிடின் வடிவியல் நூல் எப்படி இருக்குமோ அப்படி: வரையறை, அடிப்படை உண்மை, கூற்று, நிறுவல். மூன்றாம் பகுதி முழுக்க உணர்ச்சிகளைப் பற்றியது. அதன் முன்னுரையில், மனிதனின் செயல்களையும் ஆசைகளையும் கோடுகள், தளங்கள், பருப்பொருள்கள் பற்றிய ஆராய்ச்சி போலவே பார்க்கப் போகிறேன் என்கிறார். மற்றவர்கள் உணர்ச்சிகளைத் திட்டுகிறார்கள், கேலி செய்கிறார்கள், அழுகிறார்கள். அரசுக்குள் தனி அரசு நடத்துபவன் போல மனிதனை இயற்கைக்கு வெளியே நிறுத்துகிறார்கள் என்பது அவர் குறை. மழைக்குக் காரணம் உண்டு, கோபத்துக்கும் காரணம் உண்டு, காரணத்தைப் பார்ப்போம். கணக்கு என்று அவர் சொல்வது அவ்வளவுதான். (நம் பக்கம் பகுத்தறிவு என்றதும் சாமி இல்லை என்கிற வாதம் நினைவுக்கு வரும். இது வேறு சமாச்சாரம். இவர் நூல் தொடங்குவதே கடவுளில்தான்; அவருக்குக் கடவுளும் இயற்கையும் ஒன்று.)

அறிவால் அடக்கலாம் என்று சொன்னவர் ஒருவர் உண்டு, அவர் ஸ்பினோசாவுக்கு முந்திய பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் டெகார்ட். 1643-இல் பொஹீமியா இளவரசி எலிசபெத் அவருக்கு எழுதிய கடிதத்தில் ஒரு குடைச்சலான கேள்வி கேட்டார்: உருவமே இல்லாத மனம் உடம்பை எப்படி அசைக்கிறது? அந்தக் கடிதப் போக்குவரத்திலிருந்து முளைத்ததுதான் 1649-இல் வெளிவந்த ‘ஆன்மாவின் உணர்வெழுச்சிகள்’. அதில் அடிப்படை உணர்ச்சிகள் ஆறு: வியப்பு, அன்பு, வெறுப்பு, ஆசை, மகிழ்ச்சி, துயரம். மூளைக்குள் இருக்கும் பீனியல் சுரப்பிதான் மனமும் உடம்பும் சந்திக்கும் இடம் என்றார். வேட்டை நாயைப் பழக்குவதுபோல் பழக்கினால் எவ்வளவு பலவீனமான மனமும் தன் உணர்ச்சிகள்மேல் முழு ஆட்சி பெறும் என்றும் எழுதினார். ‘எதிக்ஸ்’ ஐந்தாம் பகுதியின் முன்னுரையில் ஸ்பினோசா இதை விட்டு விளாசுகிறார். இவ்வளவு தெளிவு கேட்ட மனுஷன் இப்படியொரு சுரப்பிக் கதையை எப்படி நம்பினார் என்பது அவர் ஆச்சரியம். எனக்கும்தான். ஆனால் எலிசபெத்தின் கேள்விக்கு ஸ்பினோசா சொன்ன பதில் மட்டும் எல்லாருக்கும் எளிதில் செரிக்குமா என்ன? மனமும் உடம்பும் இரண்டு பொருளல்ல, ஒன்றையே இரண்டு விதமாகப் பார்ப்பது என்றார். அதற்குள் இப்போது போக வேண்டாம்.

ஸ்பினோசாவின் கணக்கு மூன்றில் தொடங்குகிறது. எந்தப் பொருளும் தன்னால் இயன்றவரை தன் இருப்பில் நிலைத்து நிற்கவே முயல்கிறது. மனிதன் இந்த முயற்சியை உணரும்போது அது ஆசை. அந்த ஆற்றல் கூடுகிற பக்கமாக நாம் நகர்வது மகிழ்ச்சி, குறைகிற பக்கமாக நகர்வது துயரம். மற்ற எல்லாம் இந்த மூன்றின் கலவை. மகிழ்ச்சியோடு ‘இதற்குக் காரணம் இன்னார்’ என்ற எண்ணம் சேர்ந்தால் அது அன்பு. துயரத்தோடு அதே எண்ணம் சேர்ந்தால் வெறுப்பு. முடிவு தெரியாத ஒன்றை நினைத்து ஆடுகிற மகிழ்ச்சி நம்பிக்கை; அப்படியே ஆடுகிற துயரம் அச்சம். தோட்டாபுரி மாமரம் பூவெடுத்ததிலிருந்து கூழ் ஃபேக்டரி விலை சொல்கிற நாள்வரை கிருஷ்ணகிரி விவசாயி எந்த நிலையில் இருப்பாரோ அதுதான் அது. நம்பிக்கை இல்லாமல் அச்சமில்லை, அச்சம் இல்லாமல் நம்பிக்கையில்லை என்பது அவர் வாதம். எங்கள் பக்கத்தில் அதற்கு நிறுவலே தேவைப்படாது. இப்படியே மூன்றாம் பகுதியின் கடைசியில் நாற்பத்தெட்டு உணர்ச்சிகளுக்கு வரையறை கொடுக்கிறார்.

வெறுப்பின் வரையறையை இன்னொரு முறை படியுங்கள். துயரம், அதோடு வெளிக்காரணம் ஒன்றின் எண்ணம். துயரம் உங்களுடையது, உண்மையானது. ‘காரணம்’ என்ற இடத்தில் யாருடைய பெயரை எழுதுகிறோம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

உங்கள் ஊர்ப்பக்கமே ஓர் உதாரணம் உண்டு. ராகிக் கதிர் முற்றும் காலத்தில் காட்டிலிருந்து யானைக் கூட்டம் இறங்குகிறது. தேன்கனிக்கோட்டை, ராயக்கோட்டை, பாலக்கோடு என்று எங்கேயும் இதுதான் கதை. ஒரே ராத்திரியில் ஒரு ஏக்கர் போய்விடும். அதே ராகியில் பக்கத்துக் கொல்லைக்காரரின் மாடு இறங்கி நாலு பாத்தி மேய்ந்தாலும் நஷ்டம்தான், ஆனால் சின்ன நஷ்டம். எதற்கு அதிகக் கோபம் வருகிறது? மாட்டுக்காரர்மேல் வருகிற கோபத்தில் பத்தில் ஒரு பங்குகூட யானைமேல் வருவதில்லை. யானைக்குப் பயப்படுகிறோம், பட்டாசு வெடிக்கிறோம், விடிய விடிய பரணில் காவல் இருக்கிறோம். மறுநாள் காலையில் கோபம் எங்கே போகிறது? வனத்துறைமேல். ரோட்டில் உட்காருகிறோம். ‘வேண்டுமென்றால் தடுத்திருக்கலாமே’ என்று நினைக்க அங்கே ஆள் இருக்கிறார்கள்.

மூன்றாம் பகுதியின் நாற்பத்தொன்பதாவது கூற்று இதைத்தான் சொல்கிறது: காரணமானவர் சுதந்திரமாகச் செயல்பட்டார் என்று நாம் கற்பனை செய்தால் அவர்மேல் வரும் அன்பும் வெறுப்பும், வேறு வழியின்றி நடந்த ஒன்றின்மேல் வருவதைவிடப் பெரிதாக இருக்கும். தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்லி ஒவ்வொன்றுக்கும் நான்கு காரணங்கள் வைப்பாரே, அதைத் திறந்து பாருங்கள். அச்சத்துக்கு அணங்கு, விலங்கு, கள்வர், இறை. வெகுளிக்கு உறுப்பறை, குடிகோள், அலை, கொலை: உறுப்பை அறுப்பது, குடியைக் கெடுப்பது, அலைக்கழிப்பது, கொல்வது. விலங்கு அச்சத்தின் பட்டியலில் இருக்கிறது. வெகுளியின் பட்டியலில் உள்ள நான்கும் ஓர் ஆள் இன்னோர் ஆளுக்குச் செய்வன. மழை பொய்த்தது அதில் இல்லை, வெள்ளம் இல்லை, விலங்கு இல்லை. தொல்காப்பியர் இலக்கியத்துக்கு இலக்கணம் சொன்னவர், ஸ்பினோசாவின் கேள்வி அவருடையதல்ல. ஆனாலும் இருவரும் பார்த்த மனுஷன் ஒரே மனுஷன்தான்.

இனி கிணற்றுக்கு வருவோம். நாற்பத்தொன்பதுக்கு முந்திய கூற்று, நாற்பத்தெட்டு, உங்களுக்காகவே எழுதியது போல இருக்கும். ஒருவர்மேல் உள்ள வெறுப்பு, அந்தத் துயரத்துக்கு அவர் மட்டுமே காரணமல்ல என்று தெரியத் தெரிய அந்த அளவுக்குக் குறையும். ஐந்தாம் பகுதியின் ஒன்பதாவது கூற்று அதையே மேலே கொண்டுபோகிறது: பல காரணங்களை ஒன்றாக வைத்துப் பார்க்கிற மனதை உணர்ச்சி அவ்வளவாக அலைக்கழிக்காது.

உங்கள் கடிதத்திலேயே காரணங்கள் சிதறிக் கிடக்கின்றன, நீங்கள்தான் எண்ணவில்லை. மும்முனை கரன்ட் உங்கள் முறைக்கு ராத்திரியில், அவர் முறைக்குப் பகலில் விழுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த நேரத்தை வைத்தது பெரியப்பா இல்லை. சுற்றிலும் போர்வெல் போட்டபின் கிணறு இறங்கிவிட்டது என்கிறீர்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி முழுக்கக் கெட்டிப் பாறைப் பூமி. தண்ணீர் பாறை வெடிப்புகளில்தான் தங்கும். ஒருவர் ஆயிரம் அடி போட்டும் புழுதி பறக்கும், பத்தடி தள்ளி அடுத்தவருக்கு நீர் பீய்ச்சும். தாத்தா காலத்தில் பாகம் பிரித்தபோது கிணற்றில் எவ்வளவு தண்ணீர் இருந்ததோ அதை வைத்துத்தான் முறை எழுதியிருக்கிறார்கள். அந்தத் தண்ணீர் இன்று இல்லை, முறை மட்டும் இருக்கிறது. அவர் நெல்லிலிருந்து தக்காளிக்கு மாறினார், நீங்கள் மாறவில்லை. அவர் மகளுக்குக் கல்யாணக் கடன். இவ்வளவையும் வைத்த பிறகும் பெரியப்பா ஒரு மணி நேரம் கூடுதலாக மோட்டார் ஓட்டியது தப்பாகவே இருக்கும். அதைச் சரி என்று ஸ்பினோசா சொல்லவில்லை. ஆனால் உங்கள் நஷ்டம் முழுவதற்கும் அவர் ஒருவர் பெயரை எழுதியிருந்தீர்களே, அந்த இடத்தில் இப்போது ஆறேழு பெயர்கள் நிற்கின்றன. பாதிக்குமேல் பாறையும் மின்கம்பியும்.

இது வெறும் தெரிதல்தானே, தெரிந்தும் கோபம் வருகிறது என்றுதானே தொடங்கினோம் என்று கேட்பீர்கள். நூலின் முடிச்சே இங்குதான். ‘கோபப்படக் கூடாது’ என்பது நீங்கள் உங்களுக்கே போட்ட கட்டளை. அதில் உங்கள் ஆற்றல் கூடுவதில்லை, உள்ளுக்குள் இன்னொரு சண்டை தொடங்குகிறது, அவ்வளவுதான். ஒரு சிக்கல் எப்படி வந்தது என்று கண்டுபிடிக்கிறபோது நடப்பது வேறு. புரிகிற கணத்தில் மனம் தானாக இயங்குகிறது. இயங்குவது ஆற்றல் கூடுவது, ஆற்றல் கூடுவது மகிழ்ச்சி. ஆகவே புரிதல் ஓர் உணர்ச்சிதான், அதுவும் வெளியிலிருந்து யாரும் பறிக்க முடியாத உணர்ச்சி. கோபத்தோடு மோதுவது இந்த மகிழ்ச்சி, புத்திமதி இல்லை. ஐந்தாம் பகுதியின் மூன்றாவது கூற்று, நம்மைத் தாக்குகிற ஓர் உணர்ச்சியைப் பற்றித் தெளிவான கருத்து உருவான உடனே அது நம்மைத் தாக்குவதாக இராது என்று சொல்வது இந்தப் பொருளில்தான். ‘உடனே’ என்பதை நான் கொஞ்சம் தள்ளுபடி செய்தே படிப்பேன். அவரும் அதை அறிந்தவர்தான். பத்தாவது கூற்றின் விளக்கக் குறிப்பில், மனிதர்கள் பொதுவாக ஒருவருக்கொருவர் செய்கிற கெடுதிகளையும் அவற்றை எப்படி எதிர்கொள்வது என்பதையும் நிதானமான நேரத்தில் அடிக்கடி நினைத்துப் பழக வேண்டும், அப்போதுதான் நேரம் வரும்போது அது கைகொடுக்கும் என்கிறார். மோட்டார் சத்தம் கேட்ட பிறகு தொடங்கினால் பலிக்காது.

ஏன் பெரியப்பா, ஏன் வேறு யாரோ இல்லை என்பதற்கும் ஒரு கூற்று உண்டு. தனக்கு நிகரானவனைத் தவிர யாரையும் யாரும் பொறாமைப்படுவதில்லை. மரத்தின் உயரத்தையோ சிங்கத்தின் பலத்தையோ பார்த்து நாம் பொறாமைப்படுவதில்லையே என்று கேட்கிறார். ஓசூரில் ஃபேக்டரி வைத்திருப்பவர் எத்தனை கோடி சேர்த்தாலும் உங்களுக்குத் தூக்கம் கெடாது. பங்காளி போரில் தண்ணீர் வந்தால் கெடும். அவனும் நாமும் ஒரே தாத்தாவின் பேரன். அவனுக்கு வந்தது நமக்கு வந்திருக்கலாம் அல்லவா.

போர் என்றதும் இன்னொன்று. லாரி வருவதற்கு முன்பு உள்ளங்கையில் தேங்காய் வைத்து நீரோட்டம் பார்க்க ஆள் கூட்டிவருகிறோம். கல்லூரி படித்த பிள்ளைகள் இதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். ஸ்பினோசா சிரிக்க மாட்டார். தற்செயலாக எந்தப் பொருளும் நம்பிக்கைக்கோ அச்சத்துக்கோ காரணமாகலாம், அப்படித்தான் சகுனங்கள் பிறக்கின்றன என்று மூன்றாம் பகுதியின் ஐம்பதாவது கூற்றில் சொல்கிறார். 1670-இல் பெயர் போடாமல் வெளியிட்ட இன்னொரு நூலின் தொடக்கத்திலேயே, காரியங்கள் எல்லாம் நிச்சயமாக நடந்தால் மனிதன் மூடநம்பிக்கைக்குள் விழவே மாட்டான் என்கிறார். கடன் வாங்கி லட்சக்கணக்கில் கொட்டி, பாறைக்குள் என்ன இருக்கிறதென்று தெரியாமல் நிற்பவன் தேங்காயைப் பிடிக்காமல் எதைப் பிடிப்பான்?

கல்லாகிவிட மாட்டேனா என்ற கேள்விக்கு வருகிறேன். ஸ்பினோசாவின் அறிஞன் அளவாக நன்றாகச் சாப்பிடுகிறான், குடிக்கிறான். வாசனை, செடிகொடிகளின் அழகு, நல்ல உடை, இசை, விளையாட்டு, நாடகம் எல்லாம் அவனுக்கு வேண்டும். இது நான்காம் பகுதியின் நாற்பத்தைந்தாவது கூற்றுக்குக் கீழே அவரே எழுதியிருப்பது. கண்ணீரும் விம்மலும் நம் கஷ்டமும் எந்தத் தெய்வத்துக்கும் பிடிக்காது, பொறாமைக்காரனைத் தவிர என்றும் அங்கேயே ஒரு குத்து வைக்கிறார். அவர் ஒழிக்கச் சொல்வது துயரத்தின் பிள்ளைகளைத்தான். மனமும் உடம்பும் முழுதாகக் களிக்கிற மகிழ்ச்சி எவ்வளவு மிகுந்தாலும் அவருக்குப் பிரச்சினையே இல்லை.

எனக்கு அவரோடு ஒத்துப்போகாத இடம் இங்கேதான் வருகிறது. துயரத்தின் பிள்ளைகளில் இரக்கத்தையும் வருத்தப்பட்டுத் திருந்துவதையும் சேர்த்துவிடுகிறார். அறிவின்படி வாழ்பவனிடம் இரக்கம் கெட்டது, பயனற்றது என்கிறார். செய்ததற்கு வருந்துபவன் இரண்டு மடங்கு பரிதாபத்துக்குரியவன் என்கிறார். முதலாவதற்கு அவரே ஒரு வேலியும் போடுகிறார்: அறிவாலும் உதவாமல் இரக்கத்தாலும் உதவாமல் இருப்பவனை மனிதத்தன்மை அற்றவன் என்பது சரியே. இரண்டாவதில் பாதியை ஒப்புக்கொள்வேன். சாவு வீட்டில் ‘அன்றைக்கே சேலத்துக்குக் கொண்டுபோயிருந்தால்’ என்று பல வருஷம் தன்னையே அரித்துக்கொள்பவர்களை எல்லாரும் பார்த்திருக்கிறோம். எந்த வழியிலும் காப்பாற்றியிருக்க முடியாது என்று உணர்கிறபோது இழப்பின் துயரம் தணிகிறது என்று அவர் சொல்வது அவர்களுக்கு நல்ல மருந்து. ஆனால் காப்பாற்றியிருக்க முடியும் என்பது உண்மையாகவே இருந்தால்? எல்லாமே தவிர்க்க முடியாமல்தான் நடந்தது என்ற அவருடைய பெரிய கொள்கையை முழுசாக ஏற்றால்தான் அந்த இடத்தில் மருந்து வேலை செய்யும். எனக்கு அது தொண்டையில் இறங்கவில்லை.

அவரும் எப்போதும் அமைதியாக இருந்தவரல்ல. 1672 ஆகஸ்ட் 20 அன்று, ஹேக் நகரில், ஹாலந்துக் குடியரசை நடத்திவந்த யோஹான் டி விட்டையும் அவர் அண்ணன் கோர்னேலிஸையும் ஒரு கும்பல் தெருவில் அடித்துக் கொன்றது. அன்றிரவு ‘கடைகெட்ட காட்டுமிராண்டிகள்’ என்று லத்தீனில் எழுதி அந்த இடத்தில் ஒட்டிவரக் கிளம்பினார் ஸ்பினோசா. போனால் அவரையும் கிழித்துப்போடுவார்கள் என்று வீட்டுக்காரர் கதவைப் பூட்டிவிட்டார். 1676-இல் அவரைச் சந்தித்த ஜெர்மன் தத்துவ அறிஞர் லைப்னிட்ஸ் இதைக் குறித்து வைத்திருக்கிறார். உணர்ச்சியை வலுவான இன்னோர் உணர்ச்சிதான் தடுக்கும் என்று நிறுவியவரை அன்றைக்குத் தடுத்தது பூட்டு.

அப்படியென்றால் கிணற்றை விட்டுக்கொடுத்துவிட வேண்டுமா என்றும் கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். நூல் அப்படிச் சொல்லவில்லை. கோபமோ வெறுப்போ இல்லாமல், பொதுநலத்தின் மேலுள்ள அன்பினால் மட்டும் ஒரு நீதிபதி குற்றவாளிக்குத் தண்டனை கொடுக்கலாம், அது அறிவின் வழிதான் என்கிறார். அதையே உங்கள் வழக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள். தாத்தா காலத்து முறையை இன்றைய தண்ணீருக்கு ஏற்ப மாற்றி எழுத வேண்டும் என்று ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசலாம், ஆகாவிட்டால் கோர்ட்டுக்கும் போகலாம். பெரியப்பாவை வெறுக்க வேண்டிய அவசியம் அதில் எங்கும் வரவில்லை. ஸ்பினோசாவுக்கும் இப்படி ஒரு பாகப்பிரிவினை நடந்தது. அப்பா சொத்தில் பங்கு கொடுக்காமல் சகோதரிகள் ஒதுக்கப் பார்த்தபோது சட்டத்தைக் காட்டித் தன் பங்கை ஒத்துக்கொள்ள வைத்தார், பிறகு எல்லாவற்றையும் அவர்களுக்கே விட்டுவிட்டு ஒரு கட்டிலையும் அதன் திரையையும் மட்டும் எடுத்துக்கொண்டார் என்று அவர் வாழ்க்கையை முதலில் எழுதியவர்களில் ஒருவரான கொலேருஸ் சொல்கிறார். அவருக்குப் பிள்ளைகுட்டி இல்லை, நிலம் இல்லை. உங்கள் அம்மாவிடம் இந்தக் கதையைச் சொல்லிவிடாதீர்கள்.

படிக்க நினைத்தால் முதல் பக்கத்திலிருந்து தொடங்காதீர்கள். கடவுள் பற்றிய முதல் பகுதியிலேயே பாதிப்பேர் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். மூன்றாம் பகுதியின் முன்னுரை, அதே பகுதியின் கடைசியில் உள்ள நாற்பத்தெட்டு வரையறைகள், நான்காம் பகுதியின் முதல் பதினெட்டுக் கூற்றுகள், ஐந்தாம் பகுதியில் இருபதுவரை. முதல் தடவை நிறுவல்களைத் தாண்டிவிட்டு விளக்கக் குறிப்புகளை மட்டும் படியுங்கள், ஆள் மனம்விட்டுப் பேசுவது அங்கேதான். அதன் பிறகு முதல் பகுதிக்குத் திரும்பினால் அது ஏன் அங்கே இருக்கிறது என்பது விளங்கும். ஆங்கிலத்தில் எட்வின் கர்லியின் மொழிபெயர்ப்பு, 1985-இல் வந்தது, தெளிவாக இருக்கும்.